தலை ஒரு பக்கம், வால் ஒரு பக்கம்

கேள்வி: பிளாஸ்மா முடுக்கி வந்துவிட்டால், கிலோமீட்டர் கணக்கில் நீளும் துகள் முடுக்கிகள் ஓர் அறைக்குள் அடங்கிவிடும் என்று படித்தேன். துகள் கற்றையை நேராக வைத்திருப்பதுதான் பெரும்பாடு என்கிறார் எங்கள் பேராசிரியர். நேராக வைப்பது அவ்வளவு கடினமா?
- முதுகலை இயற்பியல் மாணவி, திருநெல்வேலி

பதில்: கேள்வியைப் படித்ததும் எனக்கு என் முழங்கைதான் நினைவுக்கு வந்தது. கல்லூரி ஆய்வகத்தில் ஹீலியம்-நியான் லேசரை இரண்டு ஊசித் துளைகளின் வழியே செலுத்த ஒரு காலைப்பொழுது முழுக்கப் போராடினேன். ஒருவழியாகச் சரியாக அமைந்தது. குறிப்பெழுத மேசையில் முழங்கையை ஊன்றினேன். ஒளிப்புள்ளி காணாமல் போனது! துளை எதற்கு இரண்டு என்கிறீர்களா? ஒரே துளைக்குள் எந்தக் கோணத்திலும் நுழைந்துவிடலாம். கற்றை கோணலாகப் போகிறதா என்பதை இரண்டாவது துளைதான் காட்டிக்கொடுக்கும். முடுக்கிகளிலும் கற்றை விழும் இடத்தைக் காட்ட ஒரே திரையை நம்புவதில்லை.

ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்தின் 'அவேக்' சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். 10 மீட்டர் நீளத்துக்கு ருபீடியம் ஆவி. அதைப் பிளாஸ்மாவாக்க, அதாவது அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பிரித்துவிட, ஒரு லேசர், அதில் அலை எழுப்ப 400 ஜிகா எலக்ட்ரான் வோல்ட் (துகளின் ஆற்றலை அளக்கும் அலகு) புரோட்டான் கற்றை, அந்த அலையில் சவாரி செய்ய எலக்ட்ரான்கள். மூன்றும் ஒரே பாதையில், ஒரே சமயத்தில் சந்தித்தாக வேண்டும். 2018-இல் சந்தித்தன, சுமார் 19 மெகா எலக்ட்ரான் வோல்ட்டுடன் உள்ளே போன எலக்ட்ரான்களில் சில 2 ஜிகாவுடன், அதாவது 2,000 மெகாவுடன், வெளியே வந்தன.

ஆனால் இது சிக்கலின் பாதிதான். பழைய முடுக்கியில் கற்றை ஓடும் செம்புக் குழல் தரையோடு பிணைத்து நிற்கிறது; கோணினால் அளந்து திருத்தலாம். பிளாஸ்மாவில் குழலை உண்டாக்குவதே முன்னால் போகும் கற்றைதான். அது எலக்ட்ரான் கற்றையானால், அங்குள்ள எலக்ட்ரான்களை ஒதுக்கித் தள்ள, எலக்ட்ரானை இழந்த கனத்த அணுக்களான அயனிகள் மட்டும் மிஞ்சி ஒரு குமிழி பிறக்கிறது. சில சோதனைகளில் உள்ளதுபோல் கன சென்டிமீட்டருக்கு ஒன்றுக்குப் பின் 17 பூஜ்யம் என்ற எலக்ட்ரான் அடர்த்தியில், இப்படி எழும் அலையின் நீளம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. அதற்குள்ளே மைக்ரான் கணக்கில் குறி தப்பக் கூடாது.

கற்றையாக ஓடும் துகள் கொத்தின் தலை மயிரிழை விலகினால் குமிழியின் சுவரும் விலகும். பின்னால் வரும் வாலுக்கு அந்த விலகிய சுவரே வழிகாட்டி. அது இன்னும் கொஞ்சம் விலகும். அதனால் சுவர் மேலும் நகரும். தோட்டத்தில் கைநழுவிய ரப்பர் குழாய் தண்ணீரைப் பீய்ச்சியபடி துள்ளுவதைப் பார்த்திருப்பீர்கள். இந்தக் கோளாறுக்கும் 'ஹோஸ்' என்றே பெயர்.

இதற்கு மருந்து இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்த மருந்து. அயனிகளின் இழுப்பில் கற்றையின் ஒவ்வொரு துண்டும் ஊஞ்சல்போல ஆடுகிறது. எல்லாத் துண்டுகளும் ஒரே தாளத்தில் ஆடினால், முன்துண்டின் தள்ளு ஒவ்வொரு முறையும் பின்துண்டுக்குச் சரியான நேரத்தில் கிடைத்து ஆட்டம் வளரும். துண்டுக்குத் துண்டு ஆற்றல் சற்று மாறினால் தாளமும் மாறும், தள்ளு தப்பிப்போகும். சாதாரண முடுக்கிகளுக்காக இந்த யோசனையை 1980-களிலேயே சொன்னவர்கள் சோவியத் ஆய்வாளர்களான பலாகின், நவஹாத்ஸ்கி, ஸ்மிர்னோவ். பிளாஸ்மாவில் ஒரு சௌகரியம்: அலையை எழுப்பும்போதே முன்கற்றையின் துண்டுகள் வெவ்வேறு அளவில் ஆற்றலை இழக்கின்றன. மருந்தில் பாதி தானாகவே கிடைத்துவிடுகிறது. ஆனால் பின்னால் வரும் கற்றையின் ஆற்றல் வேறுபாடு கூடிவிட்டால், அதைக் கடைசியில் ஒரு புள்ளியில் குவிக்க முடியாது. எவ்வளவு வேறுபாடு போதும் என்பதில்தான் இன்றைய பேரம்.

கேள்வி: இவ்வளவு சிரமப்படுவதற்குப் பலன் உண்டா?
- அதே மாணவி

பதில்: 2007-இல் வெளியான ஒரு முடிவைச் சொல்கிறேன். அமெரிக்காவின் ஸ்லாக் ஆய்வகத்தில் 3 கிலோமீட்டர் முடுக்கி எலக்ட்ரான்களுக்கு 42 ஜிகா எலக்ட்ரான் வோல்ட் கொடுத்தது. அவற்றில் சில, 85 சென்டிமீட்டர் லித்தியம் பிளாஸ்மாவுக்குள் அதை இரட்டிப்பாக்கிக்கொண்டன.

கேள்வி: பிளாஸ்மாவின் சூட்டில் குழாய் உருகாதா?
- ஓய்வுபெற்ற வாசகர், தஞ்சாவூர்

பதில்: உருகாது, ஐயா. அவேக்கில் ருபீடியத்தை ஆவியாக்க வேண்டியது சுமார் 200 டிகிரி செல்சியஸ்தான். வடை போடக் காயும் எண்ணெயின் சூட்டைவிடச் சற்றே அதிகம். அந்த ஆவியும் நாம் சுவாசிக்கும் காற்றைவிடப் பல்லாயிரம் மடங்கு மெலிந்தது.