பெரிய கார் விபத்தில் பிழைத்தவர்கள் அதன்பின் வாழ்க்கையை நன்றியோடு பார்ப்பதாகச் சொல்கிறார்களே, உங்களுக்கும் அப்படித்தானா?

எனக்கு நன்றி வர எட்டு மாதம் ஆனது. அதுவரை வந்ததெல்லாம் கோபம்தான்.

2023 பொங்கலுக்கு முந்தைய வாரம். மனைவியும் மகளும் முன்னாடியே ரயிலில் திருச்சிக்குப் போய்விட்டார்கள். நான் ஆபீஸ் வேலையை முடித்து, வீட்டில் ஒரு மணி நேரம் படுத்துவிட்டு, இரவு 2 மணிக்குத் தாம்பரத்திலிருந்து காரை எடுத்தேன். திண்டிவனத்தில் ஒரு டீ. விக்கிரவாண்டி சுங்கச்சாவடியைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போன டிராக்டர் ஒன்று முன்னால் இருந்தது. டிரெய்லரில் பின்விளக்கு இல்லை. இருந்த ஒன்றிரண்டு சிவப்புப் பட்டையையும் தொங்கிய தோகை மறைத்திருந்தது. நான் பார்த்தபோது கரும்பு என் முன்கண்ணாடிக்குள் வந்துவிட்டது.

சத்தம் நினைவில் இல்லை. வாசனை இருக்கிறது. நசுங்கிய கரும்பின் சாறு முகத்தில் வழிந்து, வாயில் ரத்தத்தோடு சேர்ந்து இனித்தது. கை ஒன்று ஜன்னல் வழியாக வந்து என் பிடரியைத் தாங்கிக்கொண்டது. "தலைய ஆட்டாதீங்க சார், 108க்கு அடிச்சாச்சு, வந்துரும்." ஆம்புலன்ஸ் வரும்வரை அந்தக் கை நகரவில்லை. சொரசொரப்பான கை, பீடி வாசனை.

வலது தொடை எலும்பு இரண்டு துண்டு, விலா எலும்பு நாலு, முழங்கால் சில்லு ஒன்று. அரசு மருத்துவமனையில் டியூட்டி டாக்டர் என் சட்டையை வெட்டி எடுத்துவிட்டு, வலது தோளிலிருந்து இடது இடுப்பு வரை கன்றிப்போயிருந்த கோட்டைக் காட்டினார். "இந்த பெல்ட் தடம் இல்லைன்னா உங்களை இங்க கொண்டுவந்திருக்க மாட்டாங்க, அதோ அந்தப் பின்பக்கக் கட்டடத்துக்குத்தான்." காரில் ஏர்பேக் இருக்கிறதே என்று பெல்ட்டைப் போடாமல், பீப் சத்தத்தை நிறுத்த வெறும் கொக்கியை மட்டும் வாங்கிச் சொருகி வைக்கும் நண்பர்கள் எனக்கு உண்டு. ஏர்பேக் பெல்ட்டுக்குத் துணை மட்டும்தான். பெல்ட் இல்லாமல் அதன்மேல் போய் விழுந்தால் அதுவே ஆளை அடித்துவிடும். இதைச் சொன்னால் சிரிப்பார்கள். இப்போது சிரிப்பதில்லை.

மனைவி திருச்சியிலிருந்து வந்து சேர்வதற்குள் ஸ்கேன், ரத்தம் எல்லாம் முடிந்திருந்தது. யாரும் அட்வான்ஸ் கட்டச் சொல்லவில்லை. 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' என்று 2021 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய திட்டம் இருக்கிறது. விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம், பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனையில் சேர்த்தாலும் சரி. தெரியாதவர்கள் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் வீடு. தொடைக்குள் ராடு. பார்க்க வந்தவர்கள் சாத்துக்குடியும் ஹார்லிக்ஸும் வைத்துவிட்டு "ஆயுசு கெட்டி" என்றார்கள். ஒரு மாமா, ஆபரேஷன் முடிந்த காலுக்குப் புத்தூர் கட்டு போடலாமே என்றார். எல்லோரிடமும் விளக்கில்லாத டிராக்டர் கதையைச் சொன்னேன். சொல்லச் சொல்ல அந்த டிரைவர்மேல் வெறுப்பு ஏறியது. இரவில் அவனை மனதுக்குள் அடித்துக்கொண்டே படுத்திருப்பேன்.

முழங்கால் மடங்கவில்லை. பிசியோ வாராவாரம் கோணமானியை வைத்து அளப்பார். மகள் அந்த எண்ணை நாள்காட்டித் தாளில் எழுதிக் கிழித்துச் சுவரில் ஒட்டுவாள். 35. 42. 42. 40. அந்த 40-ஐ எழுதும்போது "ஏம்ப்பா குறையுது?" என்று கேட்டாள். பதில் சொல்லாமல் கத்தினேன். நாற்காலியில் ஒழுங்காக உட்கார 90 வேண்டும். அது வர ஐந்து மாதம்.

எட்டாவது மாதத்தில் ஓர் இரவு மனைவியிடம் சொன்னேன். "நான் தூங்கிட்டேன்." கண்ணசந்தது மூன்று விநாடி இருக்கலாம். மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் விநாடிக்கு 25 மீட்டர், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். விளக்கு இல்லாதது உண்மை. நான் சாலையைப் பார்க்கவில்லை என்பதும் உண்மை. இரண்டாவதை போலீஸ், இன்சூரன்ஸ், அம்மா யாரிடமும் சொல்லவில்லை.

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நிமிரக்கூட இல்லை. "தெரியும். ஐசியூல மூணு நாளும் அதையேதானே சொல்லிட்டு இருந்தீங்க."

எட்டு மாதமாக நான் அந்த டிரைவரைத் திட்டும்போதெல்லாம் தெரிந்துகொண்டே 'ம்' கொட்டியிருக்கிறாள். நன்றி என்பது எனக்கு முதலில் தட்டியது அந்த 'ம்'-இல்தான், உயிர் பிழைத்ததில் இல்லை.

மறுநாள் எஃப்ஐஆர் நகலை முதல்முறையாக முழுசாகப் படித்தேன். 108-ஐ அழைத்தவர் என்று இருந்த பெயரும் டிராக்டர் டிரைவரின் பெயரும் ஒன்றுதான். விபத்தில் உதவுகிறவர்களைத் தொல்லையிலிருந்து காக்க மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தத்தின்போது 134ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். அது வழியில் போகிறவருக்குத்தான். விபத்தில் ஒரு தரப்பான டிரைவரை அது காப்பாற்றாது. இருட்டில் ஓடியிருக்கலாம். ஓடவில்லை.

அடுத்த பொங்கலுக்கு முன், மனைவி காரை ஓட்ட, பகலில் போய் அவரைத் தேடிப் பிடித்தோம். நான் யாரென்று சொன்னதும் முகம் வெளுத்தது. கேஸ் விஷயமாக வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார். "அண்ணே, நான்தான் தூங்கிட்டேன்" என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு டிரெய்லரைக் காட்டினார். பின்னால் சிவப்புப் பட்டை வரிசையாகப் புதிதாக ஒட்டியிருந்தது, தோகையைக் கட்டி உள்ளே தள்ளியிருந்தார். "லைட்டு போட்டிருக்கணும் சார். முதலாளி போடலைன்னா நானாவது போட்டிருக்கணும்." அப்புறம், "கால் மடங்குதா?"

மடக்கிக் காட்டினேன். 115.

கிளம்பும்போது ஒரு கட்டுக் கரும்பைக் கார் டிக்கியில் வைத்தார். "ஆலைக் கரும்பு இல்ல சார், பொங்கக் கரும்பு." டிக்கி மூடவில்லை, கயிறு போட்டுக் கட்டிவிட்டு, கொண்டையில் ஒரு சிவப்புத் துணியையும் முடிந்துவிட்டார். எனக்குக் கரும்பு வாசனை இன்றும் ஆகாது. திருச்சி வரை ஜன்னலை இறக்கிவிட்டுக்கொண்டே போனோம்.