கணினி கேள்வி–பதில்: சிம்லிங்க்குக்குள் நுழைந்தால் மேலே எது?

கேள்வி: என் ஹோம் அடைவில் ‘வேலை’ என்ற பெயரில் ஒரு சிம்லிங்க் (வேறொரு கோப்பின் அல்லது அடைவின் பாதையை மட்டும் தாங்கிய இணைப்பு) வைத்திருக்கிறேன். அது /தரவு/2024/கணக்கு என்னும் அடைவைக் காட்டுகிறது. அடைவு மாற்றும் ‘சிடி’ கட்டளையால் ‘சிடி வேலை’ என்று உள்ளே போய், மேலடைவுக்குச் செல்ல ‘சிடி ..’ கொடுத்தால் ஹோம் அடைவுக்கே திரும்பி வருகிறேன். உள்ளே இருந்தபடியே ‘எல்எஸ் ..’ கொடுத்தால் மட்டும் /தரவு/2024-இல் இருப்பவை பட்டியலாகின்றன. இது லினக்ஸின் பிழையா?

பதில்: பிழை இல்லை. அந்த இரண்டு புள்ளிகளுக்கும் பொருள் கொள்வது, முதல் கட்டளையில் நீங்கள் தட்டும் கட்டளைகளை வாங்கி இயக்கும் ஷெல், இரண்டாவதில் இயங்குதளத்தின் மையமான கெர்னல்.

‘எல்எஸ்’ தனி நிரல். புள்ளிகளை அப்படியே கெர்னலிடம் கொடுத்துவிடுகிறது. கெர்னல் எந்தப் பாதையையும் துண்டு துண்டாகவே கடக்கும். பாதை சாய்கோட்டில் தொடங்கினால் மூல அடைவிலிருந்தும், இல்லையென்றால் நிரல் அப்போது இருக்கும் அடைவிலிருந்தும் புறப்பட்டு, அடுத்த பெயரை அந்த அடைவில் தேடுகிறது. கிடைத்தது சிம்லிங்க் என்றால், அதனுள் எழுதியிருக்கும் பாதையை எடுத்து, கடக்க வேண்டிய மீதிப் பாதைக்கு முன்னால் சேர்த்துக்கொண்டு மேலே செல்கிறது. சிம்லிங்க்கைக் கடந்துவிட்டால், அதன் வழியாக வந்தோம் என்பதற்கான தடயம் எதுவும் மிஞ்சாது. ‘கணக்கு’ அடைவுக்குத் தாய் அடைவு ஒன்றே ஒன்றுதான், அது /தரவு/2024. எத்தனை சிம்லிங்க்குகள் எங்கெங்கிருந்து தன்னைக் காட்டுகின்றன என்பது அந்த அடைவுக்குத் தெரியவே தெரியாது.

‘சிடி’ அப்படியன்று, அது ஷெல்லின் உள்ளேயே இருக்கும் கட்டளை. நீங்கள் வந்த வழியை ஷெல் ஒரு சரமாகத் தன்னிடம் வைத்திருக்கிறது. ‘சிடி ..’ என்றதும் அந்தச் சரத்தின் கடைசித் துண்டான ‘வேலை’யை வெட்டிவிட்டு, மிஞ்சிய பாதைக்குப் போகிறது. கார்ன் ஷெல் என்ற யூனிக்ஸ் ஷெல் பரப்பிய இந்த வழக்கத்தை, யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான போசிக்ஸ் தரமும் பின்னர் இயல்புநிலையாக ஏற்றுக்கொண்டது. உண்மையான அடைவுப்படி நடக்க வேண்டுமானால் பெரிய எழுத்து ‘பி’ விருப்பத்தைச் சேர்த்து ‘சிடி -பி ..’ என்று கொடுக்கலாம். இப்போது இருக்கும் அடைவைக் காட்டும் ‘பிடபிள்யூடி’ கட்டளைக்கும் அதே விருப்பம் உண்டு.

விசைப்பலகையில் உட்கார்ந்திருப்பவருக்கு ஷெல்லின் இந்த உபசாரம் வசதியானதுதான். ஆனால் ‘சிபி அறிக்கை ..’ என்று ஒரு கோப்பை நகலெடுத்தால், அது நீங்கள் எதிர்பார்த்த ஹோம் அடைவுக்குப் போகாமல் /தரவு/2024-க்குப் போய்ச் சேரும். அங்கே அதே பெயரில் ஏற்கெனவே ஒரு கோப்பு இருந்தால் அதன் மேலேயே எழுதப்பட்டும் விடும். ஆகவே ஸ்கிரிப்ட் எழுதும்போது ‘சிடி’யோடு ‘-பி’ விருப்பத்தைப் பயன்படுத்துவதே நல்லது என்பது என் கருத்து. இந்த முரண்பாடு 1983-இல் 4.2 பிஎஸ்டி என்ற யூனிக்ஸ் பதிப்பு சிம்லிங்க்கைக் கொண்டுவந்த காலத்திலிருந்து யூனிக்ஸோடு இருக்கிறது. பெல் ஆய்வகத்தின் பிளான் 9 இயங்குதளத்தில் சிம்லிங்க்கே கிடையாது. இருந்தும் ஒரே அடைவைப் பல பெயர்களில் அடைய முடிந்ததால் இதே சிக்கல் அங்கும் எழுந்தது. பிளான் 9-ஐ உருவாக்கியவர்களுள் ஒருவரான ராப் பைக் 2000-இல் விவரித்த தீர்வின்படி, எந்தப் பெயரில் வந்தோம் என்பதை அங்கே கெர்னலே நினைவில் வைத்துக்கொள்கிறது.

கேள்வி: ‘காப்பு’ என்ற உள் அடைவில் ‘குறிப்பு’ கோப்புக்கு ஓர் இணைப்பு வேண்டி, மேலடைவில் இருந்தபடியே சிம்லிங்க் உருவாக்க ‘எல்என் -எஸ் குறிப்பு காப்பு/குறிப்பு’ என்று கொடுத்தேன். திறக்கப் போனால், சிம்லிங்க் அடுக்குகள் மிகுதி என்ற பொருளில் பிழைச்செய்தி வருகிறது. நான் உருவாக்கியதோ ஒரே ஒரு சிம்லிங்க்!

பதில்: அந்த ஒன்று தன்னையே காட்டுகிறது. சிம்லிங்க்கில் எழுதப்பட்ட பாதை சாய்கோட்டில் தொடங்காவிட்டால், அது சிம்லிங்க் இருக்கும் அடைவிலிருந்து கணக்கிடப்படும். அதை உருவாக்கும்போது நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்பது பொருட்டே அன்று. ‘எல்என்’ கட்டளையும் நீங்கள் கொடுத்த சரத்தைச் சரிபார்க்காமல் அப்படியே எழுதிவைத்துவிடும். எனவே காப்பு/குறிப்பு என்பது, அதே ‘காப்பு’ அடைவில் உள்ள ‘குறிப்பு’ என்ற பெயரை, அதாவது தன்னையே, தேடுகிறது.

லினக்ஸ் கெர்னல் இத்தகைய சுழலைக் கண்டுபிடிக்க முயல்வதில்லை. ஒரு பாதையைக் கடக்கையில் எதிர்ப்படும் சிம்லிங்க்குகளை எண்ணிக்கொண்டே வந்து, 40-ஐத் தாண்டியதும் கைவிட்டுவிடுகிறது. ஒரே சிம்லிங்க்கைத் திரும்பத் திரும்பக் கடந்தாலும் எண்ணிக்கை ஏறும். செய்தியில் அடுக்குகள் என்று வருவது அதனால்தான். ‘எல்என் -எஸ் ../குறிப்பு காப்பு/குறிப்பு’ என்று எழுதியிருந்தால் சரியாக இருந்திருக்கும். ஜிஎன்யூ ‘எல்என்’ இருந்தால், சிறிய எழுத்து ‘ஆர்’ விருப்பத்தையும் சேர்த்துக் கொடுங்கள். சிம்லிங்க் இருக்கும் அடைவிலிருந்து தொடங்கும் சார்புப் பாதையை அதுவே கணக்கிட்டு எழுதும்.

இதற்காக எல்லாவற்றையும் சாய்கோட்டில் தொடங்கும் முழுப்பாதையாக எழுதிவிடலாமே என்று தோன்றும். அதிலும் சிக்கல் உண்டு. இப்போதைய பல லினக்ஸ் வெளியீடுகளில், நிரல்களுக்கான /பின் என்பது ‘யுஎஸ்ஆர்/பின்’ என்ற சார்புப் பாதையைக் கொண்ட சிம்லிங்க். பழுதான கணினியின் வட்டை வேறொரு கணினியில் /எம்என்டி-யின் கீழ் ஏற்றும்போது, அந்தச் சிம்லிங்க் அதே வட்டிலுள்ள அடைவையே காட்டும். முழுப்பாதையாக இருந்திருந்தால், பழுது பார்க்கும் கணினியின் நிரல்களுக்கு அல்லவா கொண்டுபோய் விட்டிருக்கும்!

கேள்வி: ‘படம்’ என்ற அடைவுக்கு ஒரு சிம்லிங்க் வைத்தேன். ‘எல்எஸ் -எல்’ அதன் அளவை 12 என்று காட்டுகிறது. எதன் அளவு இது?

பதில்: உள்ளே எழுதியிருக்கும் பாதையின் பைட் கணக்கு. ‘படம்’ நமக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் புள்ளி தனியாக எண்ணப்படுவதால் நான்கு குறிகள். யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றும் 3 பைட். அடைவுக்குள் எத்தனை ஜிபி இருந்தாலும் இந்த எண் மாறாது. இவ்வளவு சிறிய பாதைக்கு எக்ஸ்ட்4 கோப்பு முறைமை தனித் தொகுதி ஒதுக்குவதும் இல்லை. 60 பைட்டுக்குக் குறைந்த பாதையை, கோப்பின் விவரங்களை வைத்திருக்கும் ஐநோடு என்ற பதிவுக்குள்ளேயே எழுதிவிடுகிறது.

கேள்வி: சிம்லிங்க்கை அழித்தால் அசல் கோப்பும் போய்விடுமா?

பதில்: போகாது. ‘ஆர்எம்’ கட்டளை பாதையின் கடைசித் துண்டாக வரும் சிம்லிங்க்கைப் பின்தொடராது. அதை மட்டும் நீக்கும். அனுமதிகளை மாற்றும் ‘சிஎச்மோட்’ பின்தொடரும் என்பதால், சிம்லிங்க்கின் பெயரைக் கொடுத்தாலும் அசலின் அனுமதிகளே மாறும். அடைவைக் காட்டும் சிம்லிங்க்கை அழிக்கும்போது, தாவல் விசை தானாகச் சேர்க்கக்கூடிய கடைசிச் சாய்கோட்டை நீக்கிவிடுங்கள். அது இருந்தால், பாதை சிம்லிங்க்கைக் கடந்து அசல் அடைவையே குறிக்கும்.