ஐந்து பேர் ஆட்டத்துக்கு எத்தனை சந்தா?

கேள்வி: ஆன்லைனில் டேபிள்டாப் ரோல்பிளேயிங் கேம் (ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, பகடை உருட்டிக் கதைக்குள் ஆடுவது) ஆடும் ஐந்து பேர் குழு எங்களுடையது. ஐந்து பேருமே சந்தா கட்ட வேண்டுமா?

பதில்: வேண்டாம். இங்கே சந்தா பெரும்பாலும் தலைக்கு இவ்வளவு என்று வருவதில்லை; மேசைக்கு, அதாவது ஒரு ஆட்டக் குழுவுக்கு, இவ்வளவு என்றுதான் வருகிறது. மேப், பகடை எல்லாம் ஆன்லைனில் தரும் ரோல்20 தளத்தில் ஆட்டத்தை உருவாக்கிய கணக்குக்குச் சந்தா இருந்தால் போதும். பாத்திரத்தைக் குறிக்கும் டோக்கனின் பார்வைக்கு எட்டியதை மட்டும் மேப்பில் காட்டும் டைனமிக் லைட்டிங், இலவசக் கணக்கில் வந்து உட்காருபவருக்கும் வேலை செய்யும். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (டி அண்ட் டி) ஆட்டத்தின் விதிப் புத்தகங்களை விற்கும் டி அண்ட் டி பியாண்ட் தளத்திலும் குழுவில் ஒருவரிடம் மாஸ்டர் சந்தா இருந்தால் வாங்கிய புத்தகங்களைப் பகிரலாம். அந்த ஒருவர் ஆட்டத்தை நடத்தும் கேம் மாஸ்டராகத்தான் இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை.

ரோல்20 பற்றிச் சொன்ன ‘உருவாக்கிய கணக்கு’ என்பதைக் கவனியுங்கள். சந்தா கட்டுபவர் ஒருவர், ஆட்டத்தை உருவாக்கியவர் வேறொருவர் என்றால் கட்டிய காசு அந்த மேசைக்கு வராது. முறை வைத்து ஆளாளுக்கு கேம் மாஸ்டர் ஆகும் குழுவில், சந்தா உள்ளவரே எல்லா ஆட்டங்களையும் உருவாக்கிவிட்டு, நடத்துபவருக்கு கேம் மாஸ்டர் (ஜிஎம்) உரிமையை மட்டும் கொடுக்கட்டும். செலவை ஐந்தாகப் பிரித்துக்கொள்ளலாம்.

கேள்வி: மாதச் சந்தாவா, வருடச் சந்தாவா?

பதில்: வருடத் தொகையை மாதத் தொகையால் வகுத்துப் பாருங்கள். டி அண்ட் டி பியாண்டின் மாஸ்டர் சந்தாவை எடுத்துக்கொண்டால் மாதம் 5.99 டாலர், வருடம் 54.99 டாலர். வகுத்தால் 9.18. ஒன்பது மாதம் கட்டினால் 53.91 டாலர்தான் ஆகும். பத்தாவது மாதமும் ஆடினால்தான் வருடச் சந்தா லாபம். பரீட்சை, திருமணம், ஆபீஸ் வேலை என்று ஆட்டம் தள்ளிப்போகும் குழுக்கள் பத்து மாதத்தை எட்டுவது அபூர்வம். எனவே முதல் இரண்டு மாதம் மாதச் சந்தாவில் ஓட்டுங்கள். அந்த இரண்டு மாதத்தில் திட்டமிட்ட நாட்களில் எத்தனை நாள் உண்மையில் ஆடினீர்கள் என்று எண்ணிப் பார்த்துவிட்டு வருடத்துக்கு மாறலாம்.

கேள்வி: ரோல்20 போல ஆன்லைன் மேசை தரும் ஃபவுண்ட்ரி விடிடி மென்பொருளுக்கு ஒருமுறை 50 டாலர் கட்டினால் போதும் என்கிறார்கள். அதற்குப் பிறகு செலவே இல்லையா?

பதில்: மென்பொருளுக்கு இல்லை. கேம் மாஸ்டர் ஒருவர் வாங்கினால் போதும். மற்றவர்கள் பிரவுசரிலேயே வந்துவிடலாம். மாதம் 5 டாலர் சந்தாவோடு ஒப்பிட்டால் பத்து மாதத்தில் போட்ட காசு திரும்பிவிடும். ஆனால் ஆட்டம் ஓடும் சர்வர் உங்கள் பொறுப்பு. அதற்கு மூன்று வழி: சொந்தக் கணினி, வாடகை சர்வர், ஃபவுண்ட்ரிக்கென்றே இருக்கும் ஹோஸ்டிங் சேவை. பின்னிரண்டும் பெரும்பாலும் மாத வாடகை கேட்பவை. சந்தாவை வாசலில் அனுப்பிவிட்டு ஜன்னல் வழியாக உள்ளே விட்ட கதைதான்.

சொந்தக் கணினியில் ஓட்டினால் ரவுட்டரில் வெளியிலிருந்து இணைப்பு வரும் வழியான 30000-ஆம் போர்ட்டைத் திறந்துவிட வேண்டும். திறந்த பிறகும் நண்பர்களால் நுழைய முடியவில்லையா? ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் உள்ள வெளி ஐபி முகவரியையும், ‘என் ஐபி என்ன’ என்று காட்டும் தளத்தில் வரும் எண்ணையும் ஒப்பிடுங்கள். இரண்டும் வேறாக இருந்து, ரவுட்டரில் தெரிவது 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினால், இணைய நிறுவனம் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து தருகிறது என்று பொருள். எந்தப் போர்ட்டைத் திறந்தாலும் பயன் இருக்காது. நிறுவனத்திடம் தனி ஐபி கேளுங்கள். அல்லது புதிய வகை முகவரியான ஐபிவி6, இடையில் ஒரு சர்வர் வழியாக இணைக்கும் டனல் என்று போங்கள்.

அடுத்த சிக்கல் அப்லோடு வேகம். டவுன்லோடு வேகத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். மேப் உங்கள் வீட்டிலிருந்து வெளியே போக வேண்டும். 20 எம்பி மேப்பை நான்கு பேர் திறந்தால் 80 எம்பி, அதாவது 640 மெகாபிட். அப்லோடு விநாடிக்கு 8 மெகாபிட் (எம்பிபிஎஸ்) என்றால் 80 விநாடி எல்லோரும் வெறும் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதே படத்தை வெப்பி (WebP) என்ற, படத்தைச் சுருக்கும் வடிவத்தில் சேமித்து 2 எம்பிக்குக் கொண்டுவந்தால் 8 விநாடி. வேக இணைப்புக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை இது.

நண்பரோடு சேர்ந்து ஒரே உரிமத்தை வாங்கும் யோசனை இருந்தால், ஒரு உரிமத்தில் ஒரு நேரத்தில் ஒரு சர்வரைத்தான் ஆட்டக்காரர்களுக்குத் திறக்கலாம் என்பதை நினைவில் வையுங்கள். இருவருக்கும் சனிக்கிழமை இரவுதான் ஆட்டம் என்றால் சரிவராது.

கேள்வி: ரோல்20-இல் படங்களுக்கான சேமிப்பு இடம் தீர்ந்துபோகிறது. மேல் அடுக்குச் சந்தாவுக்குப் போகலாமா?

பதில்: முதலில் படங்களைச் சுருக்குங்கள். ரோல்20-இல் ஒரு கட்டத்துக்கு 70 பிக்சல் என்பது இயல்பு அளவு. 30-க்கு 20 கட்ட மேப்புக்கு 2100-க்கு 1400 பிக்சல் போதும். கடையில் வாங்கும் மேப்புகள் 140 பிக்சல் கணக்கில் வந்தால் அது 4200-க்கு 2800; நான்கு மடங்கு பிக்சல். பெரிதாக்கிப் பார்த்தால் வித்தியாசம் தெரியும், சண்டை நடக்கும்போது தெரியாது.

கேள்வி: சந்தாவை நிறுத்தினால் வாங்கியவை போய்விடுமா?

பதில்: விலை கொடுத்து வாங்கிய புத்தகம் டி அண்ட் டி பியாண்டில் உங்கள் கணக்கிலேயே இருக்கும், பகிர்வுதான் நிற்கும். நண்பரின் புத்தகத்தை நம்பிப் பாத்திரம் உருவாக்கியவர்களுக்குத்தான் அடி. இலவசக் கணக்கில் ஆறு பாத்திரங்கள்தான் அனுமதி என்பதும் அப்போதுதான் உறைக்கும். நிறுத்தும் முன் எல்லோரும் பாத்திர விவரம் உள்ள கேரக்டர் ஷீட்டை பிடிஎஃப்பாக இறக்கிக்கொள்ளுங்கள். இன்னொன்று: ஒரு தளத்தில் வாங்கிய புத்தகம் மற்றொரு தளத்துக்குத் தானாக வந்துவிடாது. தளம் மாறுபவர்களுக்குச் சந்தாவைவிட இந்த இரட்டைச் செலவுதான் பெரிது.

கேள்வி: காசே செலவழிக்காமல் ஆட முடியுமா?

பதில்: தாராளமாக. மேப்டூல் என்ற ஆன்லைன் மேசை மென்பொருள் இலவசம், ஓப்பன் சோர்ஸ். டி அண்ட் டி ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிகளான எஸ்ஆர்டி 5.1, 2023 ஜனவரியில் யாரும் இலவசமாகப் பயன்படுத்தக்கூடிய கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியானது. அதை வைத்தே ஆட்டம் நடத்தலாம். மேப் இல்லாமல் வர்ணனையிலேயே ஆடுகிறவர்களுக்கு ஒரு வாய்ஸ் காலும் பகடையும் போதும்.

கேள்வி: ஆப்பை நீக்கிவிட்டேன், இன்னும் பணம் பிடிக்கிறார்கள்!

பதில்: ஆப்பை நீக்கினால் சந்தா நிற்காது. போனின் ஆப் ஸ்டோர் வழியாகக் கட்டியிருந்தால் அந்த ஸ்டோரின் சந்தாப் பக்கத்தில்தான் ரத்து செய்ய வேண்டும். தளத்தில் கட்டியிருந்தால் தளத்தில். அடுத்த புதுப்பிப்புத் தேதிக்குக் குறைந்தது ஒரு நாள் முன்பே செய்துவிடுங்கள்.