ஸ்னோவே பார்த்ததில்லை, குளிர்கால ஒலிம்பிக்கில் தொண்டராக முடியுமா?

கேள்வி: தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறேன். வயது 24. நுவரெலியா ஹோட்டல் ஒன்றில் வரவேற்பு மேசையில் வேலை செய்கிறேன். 2030 குளிர்கால ஒலிம்பிக்கில் தொண்டராகப் பணியாற்ற ஆசை. ஸ்னோவைப் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். டவுனில் ஒருவர், நான்கு இலட்சம் கொடுத்தால் தொண்டராக அனுப்பி அங்கேயே வேலையும் எடுத்துத் தருவதாகச் சொல்கிறார். நம்பலாமா?

பதில்: தங்கச்சி, அந்த நான்கு இலட்சத்தைக் கொடுத்துவிடாதீர்கள். ஒலிம்பிக் தொண்டர் விண்ணப்பத்துக்குக் கட்டணமே கிடையாது. ஏற்பாட்டுக் குழுவின் இணையத்தளத்தில் உங்கள் போனிலிருந்து நீங்களே நிரப்பலாம், நடுவில் ஏஜென்டுக்கு வேலை இல்லை. "அங்கேயே வேலை" என்பதுதான் இன்னும் பயம். தொண்டர் போவது குறுகிய கால விசாவில். அதை வைத்துக்கொண்டு சம்பளத்துக்கு வேலை செய்ய முடியாது. அவர் உண்மையிலேயே வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புகிறவர் என்றால் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் வைத்திருக்க வேண்டும். 1989 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்து விசாரியுங்கள். நகையை அடகு வைத்துப் பணம் கட்டி ஏமாந்துபோய், பிறகு என்னிடம் ஆலோசனை கேட்டு வந்த குடும்பங்கள் பல. அதனால்தான் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் இதைச் சொல்கிறேன்.

சரி, இனி உங்கள் ஆசைக்கு வருவோம். அது நடக்கக்கூடிய ஆசைதான். இத்தாலியின் மிலானோ கோர்ட்டினா 2026 குளிர்கால ஒலிம்பிக்குக்குத் திட்டமிட்ட தொண்டர்கள் 18,000 பேர். பந்தயப் பாதையைச் செப்பனிடும் குழு போன்ற சில இடங்களுக்குத்தான் சறுக்கத் தெரிந்திருக்க வேண்டும். பார்வையாளருக்கு வழிகாட்டுவது, நுழைவு அட்டை கொடுப்பது, வாகனங்களை ஒழுங்குபடுத்துவது, வீரர்களையும் ஊடகத்தாரையும் கவனிப்பது எல்லாம் ஸ்கீயைத் தொடாதவர்களும் செய்கிற வேலை. பத்து நாட்டு ஆட்கள் ஒரே நேரத்தில் வந்து நின்றாலும் முகம் சுளிக்காமல் பதில் சொல்கிற பழக்கம் உங்களுக்கு ஹோட்டலிலேயே வந்திருக்கும். விண்ணப்பத்தில் அதை விரிவாக எழுதுங்கள்.

2030 போட்டி பிரான்சின் அல்ப்ஸ் மலைப் பகுதியில், பெப்ரவரி 1 முதல் 17 வரை. 2024 பாரிஸ் ஒலிம்பிக்குக்கு 2023 மார்ச் 22 தொடங்கி மே ஆரம்பம் வரைதான் தொண்டர் விண்ணப்பம் வாங்கினார்கள். 45,000 இடத்துக்கு மூன்று இலட்சத்துக்கு மேல் விண்ணப்பங்கள் போயின. மிலானோவுக்கு 2024 செப்டெம்பரிலேயே தொடங்கிவிட்டார்கள். இந்தக் கணக்கில், 2028 நடுப்பகுதியிலிருந்தே இணையத்தளத்தை விடாமல் பார்த்து வர வேண்டும்.

குளிரைப் பற்றி ஒன்று. 2026இல் பனிப்பலகை (ஸ்னோபோர்ட்) போட்டிகளுக்கு ஒதுக்கிய லிவிக்னோ என்ற இத்தாலிய ஊர் 1,816 மீற்றர் உயரம். நுவரெலியா 1,868 மீற்றர். நம்முடையதுதான் உயரம்! ஆனால் லிவிக்னோ பூமத்திய ரேகையிலிருந்து வடக்கே 46 பாகையில் இருக்கிறது. ஜனவரி விடியலில் தேயிலைக் கொழுந்தைக் கருக்குகிற நம்முடைய உறைபனி வெயில் ஏறினால் போய்விடும். அங்கே பகலிலும் பூச்சியத்துக்குக் கீழே நிற்கலாம், இரவில் மைனஸ் பதினைந்தைத் தாண்டிப் போகும். மேலே போடுகிற ஜாக்கெட் சீருடையோடு கிடைக்கும். உடம்போடு ஒட்டுகிற உள்ளாடைதான் உங்கள் பொறுப்பு: பருத்தி வேண்டாம், வியர்வையில் நனைந்தால் அதுவே உடம்பைக் குளிர வைக்கும். கம்பளியோ செயற்கை இழையோ வாங்குங்கள். நுவரெலியா பேல் பஜாரில் பொறுமையாகத் தேடினால் நல்லதாகவே கிடைக்கும். இறுக்கமான காலுறை இரத்த ஓட்டத்தைத் தடுக்கும். விரல் வெளுத்து மரத்துப்போனால் தேய்க்காமல் உடனே உள்ளே போய்ச் சூடாக்க வேண்டும்.

பணம்தான் பெரிய மலை. வழக்கமாகச் சீருடை, வேலை நேரச் சாப்பாடு, போட்டி இடத்துக்குப் போக்குவரத்து, பயிற்சி இவை கிடைக்கும். சம்பளம் இல்லை. விமான டிக்கெட் உங்கள் கையிலிருந்துதான். தங்குமிடமும் பெரும்பாலும் அப்படியே, அதுவும் ஸ்கீ சீசனில் மலையூர்களின் அறை வாடகை எக்கச்சக்கம். அந்தப் பக்கம் சொந்தக்காரர் வீடு இருந்தால் பாதிச் சுமை குறையும். இல்லையென்றால் நகரத்தில் நடக்கும் ஐஸ் போட்டிகளைத் தெரிவு செய்யுங்கள்.

அடுத்தது விசா. தொண்டராகத் தெரிவானதாக வரும் கடிதம் விசா ஆகாது. பிரான்ஸ் உட்பட ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு இன்றைய கட்டணம் 90 யூரோ, அதோடு குறைந்தது 30,000 யூரோவுக்கான பயணக் காப்புறுதி. பயணத்துக்கு ஆறு மாதம் இருக்கும்போதே விண்ணப்பிக்கலாம். நீங்கள் திரும்பி வருவீர்களா என்பதுதான் அதிகாரியின் முக்கியமான கேள்வி. 2022 பர்மிங்ஹாம் பொதுநலவாய விளையாட்டுக்குப் போன நம் நாட்டுக் குழுவில் பத்துப் பேர் காணாமல் போனதை உலகமே படித்தது. ஆகவே ஹோட்டலின் விடுமுறைக் கடிதம், சம்பளச் சீட்டு, சேமலாப நிதிப் பதிவு, மாதாமாதம் சம்பளம் விழுகிற வங்கிக் கணக்கு எல்லாம் சேர்த்துக் காட்டுங்கள். கடைசி வாரத்தில் கடன் வாங்கிப் போட்ட பெரிய தொகை சந்தேகத்தைத்தான் கூட்டும்.

தோட்டத்துப் பிள்ளைகள் பலர் மாட்டிக்கொள்வது பெயரில். பிறப்புச் சான்றிதழில் அப்பா "இராமையா", அடையாள அட்டையில் "ராமய்யா", பாடசாலைப் பதிவில் இன்னொன்று. மூன்றையும் இந்த வாரமே பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாகப் பாருங்கள். பிழை இருந்தால் பிரதேச செயலகத்தில் பதிவாளரிடம் திருத்தக் கொடுங்கள். அது மாதக்கணக்கில் இழுக்கும் வேலை, கடவுச்சீட்டுக்கு முன்னால் முடித்துவிட வேண்டும்.

மீதி நாட்களில் இரண்டு காரியம் செய்யுங்கள். கண்டியில் அலியான்ஸ் பிரான்சேஸ் என்ற பிரெஞ்சு மொழி நிலையம் இருக்கிறது. லீவு நாளில் போய் அடிப்படை பிரெஞ்சு படித்தால், ஆங்கிலம் மட்டும் தெரிந்தவரை விட உங்களுக்கு மதிப்பு கூடும். அப்புறம், டிசம்பர் முதல் மே வரை சிவனொளிபாதமலை சீசன். நல்லதண்ணிப் பாதையில் முதலுதவிக் குழுக்களோடு சேர்ந்து சில இரவுகள் நில்லுங்கள். காற்று வெட்டுகிற விடியற்காலை மூன்று மணிக்கு நெரிசலில் கிழவிகளைக் கைபிடித்து ஏற்றி விடுவதும், வழி தவறிய பிள்ளையைத் தாயிடம் சேர்ப்பதும் அல்ப்ஸில் உங்களிடம் எதிர்பார்க்கிற அதே வேலைதான். முடிந்ததும் குழுப் பொறுப்பாளரிடம் ஒரு கடிதம் கேட்டு வாங்குங்கள். திகதி, எத்தனை இரவு, என்ன பொறுப்பு என்று மூன்றும் அதில் இருக்கட்டும்.