அம்மாவுக்கு மூட்டுவலி, வீட்டுக்குக் கல் தரை போடலாமா?

கேள்வி: கும்பகோணத்தில் 1,100 சதுர அடியில் வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம். மனைவிக்கு வெள்ளை மார்பிள் மீது ஆசை. மேஸ்திரியோ கிரானைட்தான் நல்லது, தெரிந்த கடைக்கு நானே கூட்டிப்போகிறேன் என்கிறார். அம்மாவுக்கு 74 வயது, மூட்டுவலியும் இருக்கிறது. கல் தரை வழுக்கும், குளிரும் என்று உறவினர்கள் பயமுறுத்துகிறார்கள். என்ன செய்வது?

பதில்: முதலில் அம்மாவின் விஷயம். கல் தரை குளிர்ச்சியாகத்தான் இருக்கும், ஏனென்றால் அது காலின் சூட்டை வேகமாக இழுத்துக்கொள்ளும். ஆனால் விட்ரிஃபைடு டைல்ஸும் அப்படித்தான், அதுவும் கல் அளவுக்கே கடினமானது. எனவே மூட்டுவலிக்காகக் கல்லை விட்டு டைல்ஸுக்குப் போவதில் பயன் இல்லை. வீட்டுக்குள் போட்டுக்கொள்ள மெத்தென்ற செருப்பு ஒன்று வாங்கிக் கொடுங்கள்.

வழுக்குவது கல்லின் ஜாதியால் அல்ல, அதன் மேல் போட்ட பாலிஷாலும் அதில் சிந்திய தண்ணீராலும்தான். ஹாலிலும் படுக்கையறையிலும் காய்ந்த மார்பிளில் வெறுங்காலோடு நடப்பவர் வழுக்கி விழுவது அரிது. பாத்ரூம், வாசல் திண்ணை, துணி துவைக்கும் இடம் ஆகியவைதான் ஆபத்தானவை. அங்கே கண்ணாடி மாதிரி பளபளக்கும் கல்லே வேண்டாம். நெருப்பால் சுட்டுச் சொரசொரப்பாக்கிய ஃப்ளேம்டு கிரானைட் கேளுங்கள். படிக்கட்டில் ஒவ்வொரு படியின் முன் விளிம்பிலும் இரண்டு மூன்று பள்ளக் கோடு வெட்டச் சொல்லுங்கள்.

உங்கள் மனைவியின் ஆசைப்படி ஹாலுக்கும் படுக்கையறைக்கும் மார்பிள் போடலாம். சமையலறைக்கு மட்டும் வேண்டவே வேண்டாம். மார்பிள் சுண்ணாம்பு இனத்துக் கல். புளித் தண்ணீர், எலுமிச்சை, மோர் எது பட்டாலும் அந்த இடம் அரித்து மங்கிப்போகும். மஞ்சள் கறையும் ஏறும். வேலை முடிந்ததும் சிமென்ட் கறையைப் போக்க ஆசிட் ஊற்றிக் கழுவும் பழக்கம் நம் ஊரில் இருக்கிறது. மார்பிளிலும் அதே சுண்ணாம்பு இனத்துக் கோட்டா கல்லிலும் அதைச் செய்தால் ஒரே நாளில் தரை பாழ். அப்புறம், வெளிர் நிற மார்பிளை வெள்ளை சிமென்ட் வைத்துத்தான் பதிக்க வேண்டும்.

சமையலறைக்குக் கிரானைட்தான் சரி. அது கறை பிடிக்காது என்பார்கள், பெரும்பாலும் உண்மையும்கூட. ஆனால் எண்ணெய் விஷயத்தில் அந்தப் பேச்சை நம்பாதீர்கள், குறிப்பாகப் பூஜையறையில். வெளிர் நிறக் கிரானைட்டின் நுண்ணிய துளைகளில் விளக்கெண்ணெயும் நல்லெண்ணெயும் மெல்ல இறங்கும். தினமும் குத்துவிளக்கு ஏற்றும் இடத்தைச் சுற்றிக் கருத்த வட்டம் விழும், சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. சமையல் சோடாவைத் தண்ணீரில் குழைத்துக் கனமாகப் பூசி, பிளாஸ்டிக் தாளால் மூடி ஒரு நாள் விட்டால் கொஞ்சம் எண்ணெயை உறிஞ்சும். நாலைந்து முறை செய்ய வேண்டிவரும், அப்போதும் முழுதாகப் போகும் என்று உறுதி இல்லை. அதனால் பூஜையறைக்குக் கறுப்புக் கிரானைட் போடுங்கள், அல்லது விளக்குக்கு அடியில் அகலமான பித்தளைத் தாம்பாளம் வையுங்கள். பதித்த கல் நன்றாகக் காய்ந்த பிறகு, துளைகளில் கறை இறங்காமல் தடுக்கும் சீலர் அடிப்பதும் உதவும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அதைத் திரும்ப அடிக்க வேண்டும்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வேண்டியது. மேஸ்திரியோடு கடைக்குப் போகாதீர்கள். அவர் கூட்டிவரும் ஆளின் பில்லில் சதுர அடிக்கு இவ்வளவு என்று மேஸ்திரிக்குக் கமிஷன் போவதுண்டு. கடைக்காரர் அதைத் தன் கையிலிருந்தா கொடுப்பார்? நீங்கள் கொடுக்கும் விலையில்தான் அது ஏறியிருக்கும். நீங்களும் உங்கள் மனைவியும் தனியாகப் போய் மூன்று கடைகளில் விலை கேளுங்கள்.

டேப்பையும் கையோடு கொண்டுபோங்கள். 6 அடி 10 அங்குல நீளமும் 2 அடி 4 அங்குல அகலமும் உள்ள ஸ்லாபை 7-க்கு 2½ என்று எழுதிவிடுவார்கள். இருப்பது 16 சதுர அடிகூட இல்லை, நீங்கள் பணம் கொடுப்பதோ 17½-க்கு. 30 ஸ்லாப் வாங்கினால் சுமார் 47 சதுர அடிக்கு வீண் காசு. உடைந்த மூலையைக் கழித்துத்தான் அளக்க வேண்டும் என்று விலை பேசும்போதே சொல்லிவிடுங்கள். கறுப்புக் கிரானைட் என்றால் நெயில் பாலிஷ் ரிமூவரில் நனைத்த வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணி கறுத்தால் அது சாயம் ஏற்றிய கல். ஸ்லாபின் பின்பக்கம் வலை ஒட்டியிருந்தால் ஏன் என்று கேளுங்கள், விரிசலை மறைக்கவும் அதை ஒட்டுவதுண்டு. வெள்ளையாக இருக்கும் வேறு கல்லையும் ராஜஸ்தானின் புகழ்பெற்ற மக்ரானா மார்பிள் என்று சொல்லி விற்பதுண்டு. பெயருக்காகக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள்.

மார்பிளுக்கு ஐ.எஸ். 1130, பாலிஷ் போட்ட கிரானைட்டுக்கு ஐ.எஸ். 14223 என்று தர விதிகள் நம் நாட்டில் எழுதிவைக்கப்பட்டுள்ளன. கல் கடைகளில் அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை, எந்த அதிகாரியும் வந்து கேட்பதும் இல்லை. தங்கத்துக்கு 2021-இல் ஹால்மார்க்கைக் கட்டாயமாக்க முடிந்தது. ஒரு குடும்பம் லட்சக்கணக்கில் பணம் போடும் தரைக்கு மட்டும் ஏன் கேட்பாரே இல்லை? ‘பில் வேண்டாமென்றால் ஜி.எஸ்.டி. மிச்சம்’ என்பார்கள், சம்மதிக்காதீர்கள். கல்லின் பெயர், கனம், அளவு எல்லாம் எழுதிய பில் கையில் இருந்தால்தான் நுகர்வோர் ஆணையத்தில் உங்கள் வழக்கு நிற்கும். கல்லுக்கு நீங்கள் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் அங்கே வழக்குக் கட்டணமும் கிடையாது.

மார்பிளைப் பதித்த பிறகுதான் தேய்த்துப் பாலிஷ் போடுவார்கள். பெயின்டிங், மர வேலை எல்லாம் முடிந்த பிறகே கடைசிப் பாலிஷ் போடச் சொல்லுங்கள், முழுக் கூலியையும் அதற்கு முன் கொடுத்துவிடாதீர்கள்.