கல்லறைத் தோட்டம்: கேளுங்கள், சொல்கிறேன்

நிலவடிவமைப்பு என் தொழில். மயானம், கல்லறைத் தோட்டம் பற்றி மட்டும் கேளுங்கள், வாஸ்து வேண்டாம்.

மதுரை வாசகர்: துக்கத்தை ஆற்றுகிற மாதிரி மயானம் அமைக்க முடியுமா?

ஆற்ற முடியாது. அழ வந்தவருக்கு இடைஞ்சல் இல்லாமல் அமைக்கலாம். ஸ்டாக்ஹோமின் வனக் கல்லறையைப் பாருங்கள். 1915இல் நடந்த போட்டியில் ஜெயித்த கட்டடக் கலைஞர்கள் அஸ்ப்லுண்டும் லெவரென்ட்ஸும் பைன் காட்டை அழிக்காமல் மரங்களுக்கு இடையிலேயே கல்லறைகளை வைத்தார்கள். அங்கே எல்ம் மரக் குன்றுக்கு ஏறும் படிகள் மேலே போகப் போக உயரம் குறையும். அழுது களைத்தவர் உச்சியில் மூச்சிரைக்க நிற்கக் கூடாதே! குன்றிலிருந்து 888 மீட்டர் நேர்ப்பாதை, காட்டுக்குள் ஒரு சிற்றாலயத்துக்குப் போகிறது. அந்த ஆலயத்தின் வடக்கு வாசலில் நுழைகிறவர்கள் சடங்கு முடிந்து மேற்கு வாசலில் வெளியேறுவார்கள். அடுத்த சவ ஊர்வலம் முகத்தில் முட்டாது. வந்த வழியே யாரையும் திருப்பி அனுப்பாதீர்கள்.

திருச்சி வாசகர்: என்ன மரம் நடலாம்?

உங்கள் மண்ணில் ஏற்கெனவே நன்றாக வளர்ந்து நிற்கிற மரம்.

நாகர்கோவில் வாசகர்: நீரூற்று வைக்கலாமா?

பூச்செடிக்கு ஊற்ற ஒரு குழாய், பக்கத்தில் ஒரு வாளி. போதும்.

சேலம் வாசகர்: காத்திருப்போர் கூடம் எப்படி?

அதே ஸ்டாக்ஹோம் வனக் கல்லறையின் தகனக் கூடத்தில் 3 வழிபாட்டுக் கூடங்கள். ஒவ்வொன்றுக்கும் தனிக் காத்திருப்பு அறை, தனி முற்றம். மறுபடி சொல்கிறேன், ஒரே வாசல் வைக்காதீர்கள்.

தூத்துக்குடி வாசகர்: கோப்பன்ஹேகனில் கல்லறைகளுக்கு நடுவே வெயில் காய்கிறார்களாமே, இது மரியாதையா?

1760இல் தொடங்கிய அசிஸ்டென்ஸ் கல்லறைத் தோட்டத்தைத்தானே சொல்கிறீர்கள்? சிறுவர் கதை எழுதிய ஆண்டர்சனும் தத்துவவாதி கீர்க்ககோரும் அங்கேதான் இருக்கிறார்கள். பழைய பகுதிகள் பூங்காவாகிவிட்டன. ஆள் நடமாட்டம் இருந்தால் தனியாக வருகிறவருக்குப் பயமில்லை.

அதே வாசகர்: என் அப்பா தலைமாட்டில் எவனாவது பாய் விரித்துப் படுத்தால் சும்மா இருப்பேனா?

இருக்க வேண்டாம். புதுக் கல்லறைகள் பக்கம் படுக்கிறவனை எழுப்புங்கள், நானும் வருகிறேன். ஆனால் நவம்பர் 2, கல்லறைத் திருநாளில் நீங்களும் குடும்பத்தோடு பூவும் மெழுகுவர்த்தியுமாக அங்கே உட்காருவீர்கள்தானே? மற்ற நாட்களில் பூட்டி வைத்தால் முள்ளும் குப்பையும்தான் மண்டும்.

விழுப்புரம் வாசகர்: தூத்துக்குடிக்காரர் சொல்வதுதான் சரி. கல்லறைகளுக்கு நடுவே ஓட்டப் பயிற்சி வேறு செய்கிறார்கள். ஓடுவதற்கு மைதானம் இல்லையா?

இருக்கிறது. ஓடுபாதையைச் சுற்றுச்சுவர் ஓரமாகப் போடுங்கள். கல்லறை வரிசைக்குள் நடக்க மட்டும் வழி விடுங்கள். ஓடுகிறவருக்கும் அழ வந்தவருக்கும் சண்டை தீர்ந்தது.

கடலூர் வாசகர்: என்ன மரம் நடலாம்?

மேலே திருச்சிக்காரருக்குச் சொன்னேனே!

ஈரோடு வாசகர்: எரிமேடைப் புகைபோக்கி எவ்வளவு உயரம் வேண்டும்?

என் துறை இல்லை. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் கேளுங்கள்.