பேட்டரியின் கேடும் மிச்சமாகும் பெட்ரோலும்

கேள்வி: கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்கு வாரம் ஆறு நாள் காரில் வேலைக்குப் போய் வருகிறேன். எட்டு வருடமான என் பெட்ரோல் கார் நல்ல நிலையில் இருக்கிறது. லிட்டருக்கு 16 கிலோமீட்டர் தருகிறது. சுற்றுச்சூழலை எண்ணி, பெட்ரோல் என்ஜினோடு மின் மோட்டாரும் பேட்டரியும் சேர்ந்த ஹைபிரிட் கார் வாங்க நினைத்தால், பேட்டரி தயாரிப்பதிலேயே பெரிய கேடு நடக்கிறது என்று மைத்துனர் தடுக்கிறார். எது சரி?

பதில்: மைத்துனர் சொல்வது பழைய வாதம். டொயோட்டாவின் ஹைபிரிட் காரான பிரியஸைவிட, பெட்ரோலை ஏகமாகக் குடிக்கும் பெரிய வண்டியான ஹம்மரே மேல் என்று 2006-ல் ஓர் அமெரிக்க அறிக்கை சொன்னது. பிரியஸ் சுமார் 1.75 லட்சம் கிலோமீட்டரில் முடிந்துவிடும், ஹம்மர் வெகுதூரம் ஓடும் என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு அது. டாக்சியாக ஓடிய பிரியஸ்கள் அந்தத் தூரத்தைச் சாதாரணமாகத் தாண்டின.

இங்கே விற்கும் நடுத்தர ஸ்ட்ராங் ஹைபிரிட் கார்களில் (மின் மோட்டாரால் மட்டுமே சிறிது தூரம் ஓடக்கூடியவை) உள்ள பேட்டரி ஒரு யூனிட் மின்சாரம்கூடக் கொள்ளாது. அதைத் தயாரிக்க ஏறத்தாழ 100 கிலோ கரியமில வாயு வெளியாகும் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும், ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.3 கிலோ வெளியாவதால், 45 லிட்டர் மிச்சமானதும் அந்தக் கடன் தீர்ந்துவிடும். உங்கள் ஓட்டத்துக்கு அது ஓரிரு மாதம். பேட்டரிக்கான நிக்கல், கோபால்ட் சுரங்கங்கள் மண்ணையும் நீரையும் கெடுப்பது இந்தக் கணக்கில் வராது. கருங்கல் குவாரிகளுக்குப் பக்கத்தில் வாழும் நமக்கு அந்தக் கேட்டை விளக்க வேண்டியதில்லை.

பெரிய செலவு பேட்டரியில் இல்லை, புதிய காரில்தான் இருக்கிறது. இரும்பு, அலுமினியம், பிளாஸ்டிக் என்று ஒரு கார் உருவாகும்போதே ஐந்தாறு டன் கரியமில வாயு வெளியாகிவிடுகிறது. ஆண்டுக்கு 30,000 கிலோமீட்டர் ஓட்டும் நீங்கள் லிட்டருக்கு 22 கிலோமீட்டர் தரும் காருக்கு மாறினால் சுமார் 500 லிட்டர், அதாவது ஒரு டன்னுக்குச் சற்று மேல் குறையும். ஈடுகட்டவே ஐந்து வருடம் ஆகும். அதுவும் ஓசூர் நெரிசலில் என்ஜின் அணைந்து கார் ஊர்ந்துபோகும்போதும், மாலையில் இறக்கத்தில் பிரேக் போடும்போது பேட்டரி ஏறுவதிலும்தான் ஹைபிரிட்டின் ஆதாயம் இருக்கிறது. சூளகிரி வழியாக ஒரே வேகத்தில் போகும் நெடுஞ்சாலையில் அது நன்றாகவே சுருங்கும்.

எனவே இப்போது மாற்ற வேண்டாம் என்பதே என் கருத்து. அதே வழியில் வேலைக்குப் போகும் ஒருவரை உடன் அழைத்துச் சென்று அவருடைய காரை வீட்டில் நிறுத்த வைத்தால், ஹைபிரிட் தருவதைவிடக் கூடுதலாக இன்றைக்கே குறையும். பழைய கார் இனி தாங்காது என்ற நிலை வந்ததும் ஸ்ட்ராங் ஹைபிரிட்டையே வாங்குங்கள். மோட்டார் என்ஜினுக்குத் துணை மட்டும் செய்யும் மைல்ட் ஹைபிரிட்டில் மிச்சம் சொற்பம். 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு விதிகளின்படி பழைய பேட்டரியைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்புவது தயாரிப்பாளரின் பொறுப்பு; அதை எப்படிச் செய்கிறார்கள் என்று ஷோரூமில் முன்பணம் கட்டும் முன்பே கேளுங்கள்.